அம்மா வரட்டும்

கால்சியம் மாத்திரை அளவில் பெரியது. விழுங்கச் சொன்னால், கழுத்தில் தையல் போட்டவர்கள் முகம் சுளிப்பார்கள். மென்று தின்னச் சொன்னால், வெள்ளையடித்த சுவரை நக்குகிற மாதிரி இருக்கிறது என்பார்கள். ஒரு தையற்காரர், "சிஸ்டர், துணியில கோடு போடற சாக்பீஸ் இதைவிட ருசியா இருக்கும்" என்றார். தின்று பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டேன். சின்ன வயதில் தின்றிருக்கிறாராம். இப்படி ஏதாவது பேசிச் சிரிக்க வைத்து மாத்திரையைத் தின்ன வைப்பதுதான் என் வேலையில் பாதி.

நீங்கள் காலையிலிருந்து கேட்கிற கேள்விக்குப் பதில் அந்த மாத்திரையில் இருக்கிறது. வாயால் சொன்னபோது உங்கள் போலீஸ் ஸ்டேஷன் எழுத்தர் பாதியிலேயே பேனாவை மூடிவிட்டார். நீங்களும் தண்ணீர் கொடுத்து, "துக்கத்துல பேசறீங்கம்மா. வீட்டுக்குப் போய்க் கொஞ்சம் தூங்குங்க" என்றீர்கள். நல்ல மனதோடுதான் சொன்னீர்கள். ஆனால் நான் தூக்கம் கெட்டவள் இல்லை. தங்கை போன பிறகும் நன்றாகவே தூங்குகிறேன். அதனால்தான் தாள் கேட்டு வாங்கி நானே எழுதுகிறேன். என் கையெழுத்து தெளிவாக இருக்கும்.

நான் அறுவை சிகிச்சை வார்டின் தலைமைச் செவிலி. தைராய்டு சுரப்பியை எடுத்தவர்கள் எங்களிடம்தான் வருவார்கள். கழுத்தில் இருக்கும் அந்தச் சுரப்பிக்குப் பின்னால், பருப்பு அளவில் நான்கு சின்னச் சுரப்பிகள் ஒட்டிக்கொண்டிருக்கும். ரத்தத்தில் கால்சியம் இறங்காமல் பார்த்துக்கொள்வது அவைதான். எவ்வளவு பார்த்து அறுத்தாலும் சில சமயம் அவை அடிபட்டு வேலையை நிறுத்திவிடும். உடனே தெரியாது. மறுநாளோ அதற்கு மறுநாளோ, எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று வீட்டார் நிம்மதியாக ஆரஞ்சு உரித்துக்கொண்டிருக்கும்போது கால்சியம் இறங்கும். முதலில் உதட்டைச் சுற்றி மரத்துப்போகும், விரல் நுனியில் எறும்பு ஊரும். பிறகு கை கோணிக்கொள்ளும். அப்படியே விட்டால் தொண்டைத் தசை இறுகி மூச்சு அடைத்துவிடும். கவனித்துவிட்டால் ஒன்றுமே இல்லை. நரம்பில் ஓர் ஊசி, அதை நிதானமாக ஏற்ற வேண்டும். கொஞ்ச நேரத்தில் எழுந்து உட்கார்ந்து காப்பி கேட்பார்கள்.

இதற்காகத்தான் காலையும் மாலையும் ரத்தம் எடுத்து லேபுக்கு அனுப்புகிறோம். லேபுக்கு முன்னாலேயே தெரிந்துகொள்ளவும் ஒரு வழி உண்டு. காதுக்கு முன்னால், கன்னத்தில் ஓரிடத்தில் விரலால் லேசாகத் தட்ட வேண்டும். கால்சியம் இறங்கியிருந்தால் வாயோரம் துள்ளும். நர்சிங் படித்த எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் சிலருக்கு ஒன்றும் இல்லாமலே துள்ளும், சிலருக்கு நன்றாக இறங்கியும் துள்ளாது. எந்தத் துள்ளலை நம்பலாம் என்று என் விரலுக்குத் தெரியும். நோயாளிகள் எனக்குத் 'தட்டு சிஸ்டர்' என்று பெயர் வைத்திருந்தார்கள். கேலியாக ஆரம்பித்தது, அப்படியே ஒட்டிக்கொண்டது.

சாக்பீஸ் தின்ற தையற்காரருக்குக் காலையில் எடுத்த ரத்தம் சரியாக இருந்தது. வீட்டுக்கு அனுப்பலாம் என்று எழுதியும் ஆயிற்று. சட்டையை மாட்டிக்கொண்டு நின்றவரை ஒரு தட்டு தட்டிப் பார்த்தேன். போகக் கூடாது என்றேன். அறுவை செய்த பெரிய டாக்டர் சிரித்தார். நான் நகரவில்லை. மறுபடி ரத்தம் எடுத்து அது லேபிலிருந்து வருவதற்குள் தையற்காரரின் கை கோணிக்கொண்டது. ஊசி போட்டு அவரைப் படுக்க வைத்த பிறகு, பெரிய டாக்டர் எல்லோர் முன்னாலும், "லேபுக்கு முன்னாடி நம்ம சிஸ்டர் விரல் வந்துடுது" என்றார். அன்றிலிருந்து ரவுண்ட்ஸ் வரும்போதெல்லாம் என்னிடம் "தட்டிப் பாத்தீங்களா?" என்று கேட்பார். ஒன்றும் இல்லை என்று நான் சொல்லிவிட்டால் மாலை ரத்தத்தை வேண்டாம் என்றுவிடுவார். அது எங்கள் வார்டின் வழக்கமாகவே ஆகிவிட்டது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அன்று வேலை முடிந்ததும் நேராகத் தங்கை வீட்டுக்குப் போனேன். அம்மா அவளோடுதான் இருக்கிறாள். தங்கைக்கு வங்கியில் அதிகாரி வேலை. நான் 'ஆஸ்பத்திரியில ஏதோ வேலை பாக்கறா'. அம்மா யாரிடமும் எங்களை அப்படித்தான் அறிமுகம் செய்வாள். தையற்காரர் கதையை முதலிலிருந்து சொன்னேன். கை கோணிக்கொண்ட இடம் வரும்போது அம்மா எழுந்து போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். வந்து, "அந்த டாக்டர் கைராசிக்காரர் போல" என்றாள்.

"நான்தாம்மா கண்டுபிடிச்சேன்."

"ஆமா, நீயும் கூட இருந்திருக்கே."

தங்கைதான், "அம்மா, அக்கா சொல்றதை முழுசாக் கேளேன். டாக்டருக்கே தெரியாததை அக்கா கண்டுபிடிச்சிருக்கா" என்று அம்மாவின் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். அவள் எப்போதும் என் பக்கம்தான் பேசுவாள். எனக்கு அதில்தான் எரிச்சல் வரும். என்னுடையதை அவள் வாங்கி எனக்குத் தருகிற மாதிரி இருக்கும். பொறாமை என்று நீங்கள் சொல்லலாம். நானும் அப்படித்தான் சொல்வேன். ஆனால் பொறாமையோடு எத்தனையோ பேர் நல்லபடியாக வாழ்கிறார்கள்.

பிறகு புதிதாக வந்த சின்ன டாக்டர் ஒரு விதி கொண்டுவந்தார். தைராய்டு அறுவை முடிந்த எல்லோருக்கும் அன்று மாலையிலிருந்தே கால்சியம் மாத்திரை. இறங்கிய பிறகு ஓடுவதைவிட இறங்காமலே பார்த்துக்கொள்வது நல்லது. அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அந்தச் சுற்றறிக்கையைச் சுவரில் ஒட்டியதே நான்தான். வார்டு அமைதியாகிவிட்டது. யாருக்கும் கை கோணவில்லை. நான் தட்டினேன், ஒருவர் வாயோரமும் துள்ளவில்லை. கொஞ்ச நாளில் பெரிய டாக்டர் கேட்பதும் குறைந்துபோனது. போகிற போக்கில் சன்னலைத் திறக்கச் சொல்வார், போர்வை மாற்றச் சொல்வார். எனக்கு அது தாங்கவில்லை.

அப்போதுதான் சிலருக்கு மட்டும் மாத்திரையை மாற்றிக் கொடுக்க ஆரம்பித்தேன். வயிற்றெரிச்சலுக்கு ஒரு மாத்திரை இருக்கிறது. அதே பெரிசு, அதே வெள்ளை, அதே சுவர் ருசி. கால்சியம் மட்டும் கிடையாது. எல்லோருக்கும் கொடுத்துவிடவில்லை. இதயக் கோளாறு உள்ளவர்களைத் தொடவில்லை. கைக்குழந்தைக்காரிகளைத் தொடவில்லை. உடம்பு திடமாக, பக்கத்தில் உறவுக்காரர் இருக்கிறவர்களாகப் பார்த்தேன். நன்றி சொல்லவும் ஆள் வேண்டும் அல்லவா. பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, அவர்கள் சுரப்பி நன்றாகவே இருந்தது. இறங்கியவர்களில் ஒருவரைக்கூட நான் விட்டதில்லை. ஊசியை முன்கூட்டியே தயாராக வைத்திருப்பேன். ஒரு லாரி ஓட்டுநர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவர் மனைவி, "நீங்க இல்லேன்னா என் குடும்பமே இல்ல" என்றாள். தீயணைப்புக்காரர்கள்கூட ஒத்திகை பார்க்கிறார்கள். நான் செய்ததை அந்தக் கணக்கில்தான் வைத்திருந்தேன். பெரிய டாக்டரும் மறுபடி கேட்க ஆரம்பித்தார்.

தங்கையின் கழுத்தில் வீக்கம் தெரிந்தபோது அவள் வீட்டுக்காரர் வேறு பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போகத்தான் நினைத்தார். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. "அக்கா இருக்கும்போது நான் எதுக்கு முகம் தெரியாத இடத்துல போய்ப் படுக்கணும்" என்றாள். அம்மாவும் ஒத்துப்பாடினாள். "அதுவும் சரிதான். பெரியவ கூடவே இருப்பா, வேளாவேளைக்குக் காப்பி வாங்கிக் கொடுப்பா."

காப்பி வாங்கிக் கொடுப்பேன். இத்தனை வருஷம் கழித்து என் வேலையைப் பற்றி என் அம்மாவுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். எனக்குக் கோபம் வந்தது என்று சொன்னால் குறைவு. அம்மா ஒரே ஒரு தடவை தன் கண்ணால் பார்த்தால் போதும் என்று நினைத்தேன். கதையாகச் சொன்னால்தானே பாதியில் எழுந்து போகிறாள்.

அறுவை முடிந்து வெளியே வந்த பெரிய டாக்டர், சின்னச் சுரப்பிகளில் சில அடிபட்டிருக்கின்றன, கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். அதைக் கேட்டுப் பதறினேன் என்று எழுதினால் உங்களுக்கு ஆறுதலாக இருக்கும். உண்மையில் சந்தோஷமாகத்தான் இருந்தது. அடிபடாமல் போயிருந்தால் நான் நினைத்தது எதுவும் நடக்காதே.

அன்று மாலையிலிருந்து அவளுக்கு மாத்திரையை என் கையாலேயே கொடுத்தேன். குரல் கொஞ்சம் கம்மியிருந்தது. "கேவலமா இருக்குக்கா. நீ தலைமாட்டுல நிக்கறியேன்னு திங்கறேன்" என்றாள். சின்ன வயதிலும் அப்படித்தான். மருந்துக் கரண்டியை நான் நீட்டினால்தான் வாயைத் திறப்பாள். அம்மா நீட்டினால் ஓடிவிடுவாள்.

மறுநாள் காலை ரத்தம் சரியாகவே வந்தது. அதற்கு மறுநாள் காலை ரத்தம் விளிம்பில் நின்றது. பெரிய டாக்டர் கேட்டார், "தட்டிப் பாத்தீங்களா?"

"பாத்தேன் சார். ஒண்ணும் இல்ல."

"அப்ப சாயங்காலம் எடுக்க வேண்டாம். சொந்தத் தங்கச்சி வேற. எனக்கு மேல நீங்க பாத்துப்பீங்க." பிறகு அவளிடம் திரும்பி, "உதடு மரத்துப்போற மாதிரி, விரல்ல ஏதாவது?" என்று கேட்டார்.

"இல்ல டாக்டர், நல்லா இருக்கேன்" என்றாள்.

நான் தட்டியிருந்தேன். வாயோரம் துள்ளியும் இருந்தது. ஆனால் அவள் ஏன் இல்லை என்றாள் என்று எனக்குப் புரியவில்லை. டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போனதும் என் கையைப் பிடித்து இழுத்தாள். "விடிகாலையிலேருந்து விரல் நுனியெல்லாம் எறும்பு ஊருதுக்கா. அவர்கிட்ட வேணும்னேதான் சொல்லல. உன் வார்டுல, உன் தங்கச்சிக்கே இப்படி ஆச்சுன்னா நாளைக்கு உனக்குத்தானே கெட்ட பேரு. நீயே யாருக்கும் தெரியாம ஊசியப் போட்டுவிட்டுடு."

நான் எதிர்பார்க்காதது இது ஒன்றுதான். எல்லாவற்றையும் யோசித்திருந்தேன், இதை யோசிக்கவில்லை. அப்போதே போட்டிருக்கலாம். போட்டிருந்தால் யாருக்கும் தெரியாமல் போயிருக்கும். யாருக்கும் தெரியாமல் போடுவதென்றால் நான் எதற்கு இவ்வளவு தூரம் வந்தேன். "கொஞ்சம் பொறு, நான் பாத்துக்கறேன்" என்றேன். சரி என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

பார்வையாளர் நேரத்துக்கு அம்மாவும் தங்கையின் வீட்டுக்காரரும் மகளும் வருவதாக இருந்தது. சரியாக அந்த நேரத்துக்குக் கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டேன். வார்டில் இருந்த இன்னொரு நர்சிடம் என் தங்கையை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். ஊசி மருந்து தட்டில் தயாராக இருந்தது. கையில் நரம்புக் குழாயும் இருந்தது. எல்லாம் சரியாக இருந்தது. லிஃப்ட் மட்டும் பழுதாகியிருந்தது.

தங்கையின் விரல்கள் ஒன்றாகக் குவிந்து மணிக்கட்டு உள்ளே மடங்க ஆரம்பித்தது. வலிக்கும். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, "அக்கா, இப்பப் போடேன்" என்றாள்.

"அம்மா வரட்டும்."

"அம்மா எதுக்கு?"

படிக்கட்டுப் பக்கம் போய்ப் பார்த்தேன். இரண்டு தளம் கீழே, படிக்கட்டு திரும்புகிற இடத்தில் அம்மா பெஞ்சில் உட்கார்ந்து முழங்காலை நீவிக்கொண்டிருந்தாள். பேத்தி தண்ணீர்ப் புட்டியைத் திறந்து கொடுத்துக்கொண்டிருந்தாள். தங்கையின் வீட்டுக்காரர் பழப்பையோடு நின்றார். யாருக்கும் அவசரமில்லை. சீக்கிரம் வாருங்கள் என்று நான் ஒரு சத்தம் போட்டிருக்கலாம். அப்படிப் போட்டால் ஏதோ ஆகிவிட்டது என்று முன்னாலேயே தெரிந்துவிடும், பதறிக்கொண்டு டாக்டரைத்தான் கூப்பிடுவார்கள். திரும்பி வந்தேன்.

அவள் மூச்சு இழுக்கும்போது ஒரு விசில் சத்தம் வந்தது. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். அதற்குமேல் காத்திருக்கக் கூடாது என்றும் தெரியும். அவள் பேச முயன்றாள், வரவில்லை. என்னையே பார்த்தாள். அந்தப் பார்வையில் பயம் இருந்தது. ஆனால் என்மேல் சந்தேகம் இல்லை. அக்கா ஏதோ காரணத்தோடுதான் காத்திருக்கிறாள் என்று நினைத்த மாதிரி இருந்தது. நான் அவள் தலையைத் தடவிக்கொடுத்தேன். வந்துவிட்டார்கள், இதோ வந்துவிட்டார்கள் என்றேன்.

திரையை விலக்கிக்கொண்டு அம்மா உள்ளே வந்தபோது தங்கையின் உதடு நீலமாகிவிட்டிருந்தது. நான் ஊசியை எடுத்தேன். அந்த மருந்தை மிக நிதானமாக ஏற்ற வேண்டும் என்று முன்னாலேயே எழுதியிருக்கிறேன். வேகமாக ஏற்றினால் இதயம் நின்றுவிடும். புதிதாக வருகிற நர்சுகளுக்கு முதல் நாளே நான் சொல்லித்தருவது அதுதான். ஆனால் நேரம் ஆகிவிட்டிருந்தது, அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரே மூச்சில் ஏற்றினேன். இறுகியிருந்த விரல்கள் மெல்ல மெல்ல விரிந்தன. எல்லோரும் பார்க்கும்படி, நான் நினைத்தபடியே விரிந்தன. "பாரும்மா" என்றேன். நான் சொன்னது அம்மாவின் காதில் விழுந்திருக்க வேண்டும். அதற்குள் தங்கையின் இதயம் நின்றுவிட்டது.

பிறகுதான் பெரிய டாக்டர் ஓடிவந்தார். என்னைத் தள்ளிவிட்டு மார்பில் அழுத்த ஆரம்பித்தார். வியர்த்து வழிந்து சட்டை முதுகில் ஒட்டுகிறவரை அழுத்தினார். பிரயோஜனமில்லை என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். முடிந்ததும் அம்மா அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதாள்.

ஆஸ்பத்திரியில் யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை. இது எப்போதாவது நேர்வதுதான், வேண்டியதெல்லாம் செய்தோம் என்று சொல்லிவிட்டார்கள். என்னை விடுப்பில் போகச் சொன்னார்கள். நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அப்படியே போயிருக்கும். பின்னே எதற்கு வந்தீர்கள் என்றுதானே கேட்டீர்கள்.

நேற்றுத் தங்கை வீட்டில் துக்கம் விசாரிக்க ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். நான் எல்லோருக்கும் டீ கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொருவருக்கும் அம்மா நடந்ததைச் சொன்னாள். ஒரே மாதிரிதான் சொன்னாள். "நான் போய் நிக்கறேன், எம் பொண்ணு மூச்சுக்குத் தவிக்கறா. அந்த டாக்டர் ஓடிவந்து எவ்வளவோ போராடினாரு, தெய்வம் மாதிரி. நமக்குத்தான் கொடுத்துவைக்கல." யாரோ ஒருவர், பெரியவள் அங்கேதானே வேலை பார்க்கிறாள் என்று கேட்டார். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னாள். "அவ பக்கத்துலதான் நின்னா. நின்னு என்ன பண்ணுவா பாவம், அவளுக்கு என்ன தெரியும்."

டீத் தட்டைக் கீழே வைத்தேன். தங்கை இருந்திருந்தால், "அம்மா, அக்காவுக்கா தெரியாது?" என்று கேட்டிருப்பாள். கேட்க ஆள் இல்லை. அவள் போனது எனக்கு உறைத்தது அப்போதுதான்.

ஆகவே எழுதுகிறேன். மாத்திரையை மாற்றியது நான். துள்ளியதைத் துள்ளவில்லை என்று சொன்னது நான். ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தது நான், வேகமாக ஏற்றியதும் நான். என் தங்கையைக் கொன்றது நான். வார்டில் வேறு யாருக்கும், பெரிய டாக்டருக்கும் சேர்த்து, இதில் ஒன்றும் தெரியாது. அவர்களுக்குத் தெரிந்திருக்கவும் முடியாது, அதற்கெல்லாம் அனுபவம் வேண்டும். லிஃப்ட் ஓடியிருந்தால் அவள் இன்று எழுந்து உட்கார்ந்திருப்பாள். அதை யாரும் விசாரிக்கிற மாதிரித் தெரியவில்லை.

தண்டனை பற்றி எனக்கு எதுவும் கேட்க வேண்டியதில்லை. இதை என் அம்மாவுக்குப் படித்துக் காட்ட வேண்டும், அவ்வளவுதான் வேண்டுகோள். கண்ணாடியைத் தேடுகிறேன், அடுப்பைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று பாதியில் எழுந்துவிடுவாள். விடாதீர்கள், கையைப் பிடித்து உட்கார வையுங்கள். நிதானமாகப் படியுங்கள். டாக்டர் வந்தது அதற்கப்புறம்தான் என்கிற இடத்தை மட்டும் இரண்டு தடவை படியுங்கள்.